திருச்சியிலிருந்து குவைத்துக்கு ஐந்து மணி நேரம்

நாற்பத்தேழாம் கேள்விக்கு எதிரே (ஆ) என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் அடைக்கலமேரி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். விராலிமலைக் கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாரியத்தின் அலுவலக உதவியாளர் வேலைக்கு நடந்த தேர்வின் உத்தேச விடைகள் அன்று காலைதான் வெளியாகியிருந்தன. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கிய பிறகும் (ஆ)தான்.

கேள்வி இதுதான்: ஒரு விமானம் திருச்சியிலிருந்து காலை 6.00 மணிக்குப் புறப்பட்டு, குவைத்தை அந்நாட்டு நேரப்படி காலை 8.30 மணிக்குச் சென்றடைகிறது எனில், பயண நேரம் எவ்வளவு? (அ) இரண்டு மணி நேரம், (ஆ) இரண்டரை மணி நேரம், (இ) ஐந்து மணி நேரம், (ஈ) ஏழரை மணி நேரம்.

அவள் (இ) வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தாள். நூறு கேள்விகளில் அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதிய விடை அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் புத்தகத்தில் படித்தவை. இது அவள் போய் வந்த பாதை.

"என்னக்கா, தப்பாப் போச்சா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எனக்குத் தப்பாப் போகலைங்க. அவங்களுக்குத்தான் தப்பாப் போயிருக்கு" என்றாள். "இதை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

அடைக்கலமேரிக்கு நாற்பத்தொரு வயது. ஊர், ஆவூருக்குப் பக்கத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்று எண்பத்தெட்டு வாங்கியவள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் ஆளில்லை. லாரி ஓட்டிய மைக்கேல்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுசன். மணப்பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு மழை நாளில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போது மகள் ஜெனிஷாவுக்கு நான்கு வயது. ஒரு வருடம் நூறு நாள் வேலைக்கும் கடலைக்காட்டுக்கும் போய்ப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அக்கா செபமாலையிடம் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள்.

ஒன்பது வருடம். மூன்று தடவை போனாள், மூன்று தடவை வந்தாள். அந்த ஒன்பது வருடமும் அவள் கைக்கடிகாரம் இந்திய நேரத்தைத்தான் காட்டியது. சமையல்கட்டுச் சுவரில் ஒரு நேரம், மணிக்கட்டில் ஒரு நேரம். ஜெனிஷா பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஏழரை மணிக்கு அவளோடு பேச வேண்டுமென்றால், அங்கே ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டுக்காரம்மா முழிக்கும் முன் மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும். இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்த பாடமில்லை. அந்தக் கணக்கில்தான் அவள் மகளின் பல் விழுந்ததையும், அவள் வயதுக்கு வந்ததையும் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

முட்டி வலி வந்து, இனி மாடிப்படி ஏறி இறங்க முடியாது என்றான பிறகு ஊரோடு வந்துவிட்டாள். கணவனை இழந்தவர்களுக்கு வயதுச் சலுகை உண்டு என்று யாரோ சொல்ல, விராலிமலையில் ஒரு மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். பாதிக்கு மேல் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களோடு உட்கார்ந்து எட்டு மாதம் படித்தாள்.

அந்த வகுப்புக்குத்தான் இப்போது பிரிண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு படியேறினாள்.

"சார், நாப்பத்தேழு தப்பு."

வகுப்பு நடத்தும் ரத்தினவேல் சார் நல்லவர்தான். ஆனால் இருபது வருடமாகத் தேர்வுகளைப் பார்த்துச் சலித்தவர். "தெரியும்மா. எனக்கும் அது இடிச்சுது. விட்டுருங்க."

"எப்படி சார் விடுறது?"

"பரீட்சையில சரியான விடைன்னு எதுவும் கெடையாதும்மா. அவங்க எதைச் சரின்னு நெனைக்கிறாங்களோ அதுதான் சரி. அதைக் கண்டுபிடிச்சு எழுதுறவன் வேலைக்குப் போறான்."

"அப்ப நாங்க எதுக்கு சார் படிக்கிறோம்?"

அதற்குப் பதில் சொன்னவள் பரிமளா. இரண்டாவது பெஞ்சில் உட்காரும் பெண், கெட்டிக்காரி. "அக்கா, நீங்க பாட்டுக்கு எழுதிப்போட்டு அவங்க மாத்திட்டாங்கன்னா எனக்கு ஒரு மார்க் போயிரும். நான் கரெக்டா எண்பத்தொண்ணுல நிக்கிறேன்."

"தப்பா எழுதுனதுக்கு வந்த மார்க்குதானே அது?"

"எட்டரையில ஆறக் கழிச்சேன், இரண்டரை வந்துச்சு. எழுதுனேன். நான் என்ன ஒங்களை மாதிரி குவைத்துக்கா போனேன்?"

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். அடைக்கலமேரிக்கு உள்ளங்கால் வரை சுட்டது. குவைத்துக்குப் போனது ஏதோ ஊர்சுற்றப் போனது போல, அது மற்றவர்களுக்குக் கிடைக்காத வசதி போல அந்தப் பெண் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. முதல் தடவை போனபோது விமானத்தில் கழிவறைக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு, ஐந்து மணி நேரமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அதையா இங்கே சொல்ல முடியும்? பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம். எல்லாம் ஆன்லைனில். அன்று மாலை ஜெனிஷா செல்போனில் அந்தப் படிவத்தைத் திறந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள் அவள்.

"அம்மா, ஆதாரப் புத்தகத்தோட பேரு கேக்குது. எழுதுனவர் பேரு, பக்க எண். இதெல்லாம் இல்லாம சப்மிட் ஆகாது."

"நான் மூணு தடவ போயி வந்துருக்கேன்னு எழுது."

"அதுக்குக் கட்டமே இல்லம்மா."

"டிக்கெட்டு இருக்கு, பாரு." பெட்டியைத் திறந்து பழைய டிக்கெட் அச்சுத்தாளை எடுத்தாள். புறப்பாடு 6.00, வருகை 8.30, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் பயண நேரம் ஐந்து மணி என்று அச்சாகியிருந்தது. "இதுலயே போட்டுருக்கான்ல, அஞ்சுன்னு?"

ஜெனிஷா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "இந்தத் தாளோட ஜெராக்ஸ்தான் பெரியம்மா கையில இருந்துச்சு" என்றாள்.

"எப்போ?"

"நீ மொதத் தடவ போனப்ப. எட்டரைக்கு அம்மா போய் எறங்கிரும், எறங்கினதும் போன் பண்ணும்னு பெரியம்மா சொன்னாங்க. நான் போன் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். எட்டரை ஆச்சு, ஒம்பது ஆச்சு, பத்து ஆச்சு. போன் வரல. பெரியம்மாவுக்குப் பயம் வந்துருச்சு. ப்ளேனு விழுந்துருச்சோன்னு பக்கத்து வீட்டுல டிவி போட்டுப் பாத்தாங்க. அப்புறம் என்னைத் தூக்கிக்கிட்டு ஆவூர்க் கோயிலுக்கு ஓடுனாங்க. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஒன் போன் வந்துச்சு."

அடைக்கலமேரிக்கு அந்த நாலு மணி போன் நன்றாக நினைவிருந்தது. வேலைக்குப் போன வீட்டில் கெஞ்சி வாங்கிய இரண்டு நிமிடம். பிள்ளை பேசவே இல்லை, கோபம் போல என்று நினைத்து அவள் அன்று அழுதாள். இந்திய நேரப்படி பதினொரு மணிக்குத்தான் விமானம் தரையிறங்கியது என்பதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

"இத்தன வருசமா ஏன்டி சொல்லல?"

"பெரியம்மா சொல்ல வேணாம்னுட்டாங்க. படிக்கத் தெரியாம நம்மதான் தப்பாப் பாத்துட்டோம்னு அவங்களுக்கு வெக்கம்."

அடைக்கலமேரி எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். எட்டாவது படித்த அக்கா, நேர வித்தியாசம் தெரியாமல் அப்படிக் கணக்குப் போட்டதில் தப்பில்லை. அதே கணக்கைப் பெரிய படிப்பு படித்தவர்கள் போட்டு, அச்சடித்து, அதுதான் சரி என்று நாற்பதாயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா வெட்கப்பட்டாள். இவர்கள் வெட்கப்படவில்லை.

திரும்பி வந்தவள், "ஒன் பழைய புவியியல் புத்தகத்த எடு" என்றாள்.

புத்தகத்தில் எல்லாம் இருந்தது. இந்தியாவின் நேரம் எண்பத்திரண்டரை பாகைக் கோட்டை வைத்து. குவைத்தின் நேரம் நாற்பத்தைந்து பாகைக் கோட்டை வைத்து. வித்தியாசம் முப்பத்தேழரை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் நூற்றைம்பது நிமிடம், அதாவது இரண்டரை மணி. திருச்சியில் ஆறு மணி என்றால் குவைத்தில் மூன்றரை. மூன்றரையிலிருந்து எட்டரை வரை ஐந்து மணி நேரம். அட்லஸில் நூலை வைத்து அளந்து, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஏறத்தாழ மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் என்றும் எழுதினாள். இரண்டரை மணியில் அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் மணிக்கு ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும், பயணிகளை ஏற்றிக்கொண்டு அப்படி எந்த விமானம் போகிறது என்று கடைசி வரியில் கேட்டாள். பக்க எண், டிக்கெட் நகல் எல்லாம் இணைத்து அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து இறுதி விடைகள் வந்தன. நாற்பத்தேழுக்கு (ஆ). கூடவே முடிவுகளும் வந்தன. எண்பத்தொன்று எடுத்தவர்கள் வரை அழைத்திருந்தார்கள். அடைக்கலமேரி எண்பது.

மறுநாளே திருச்சியிலிருந்த மண்டல அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் ஆவுடையப்பன் என்று பலகை இருந்த மேசைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்ற பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நிபுணர் குழு பாத்து முடிவு பண்ணிட்டாங்கம்மா. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

"அந்த நிபுணரு யாரு சார்? அவரு ப்ளேன்ல போயிருக்காரா?"

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"சரி, இதைக் கேக்கலாமா? நான் திரும்பி வரும்போது குவைத்துல மத்தியானம் பன்னெண்டுக்கு ஏறினா, திருச்சியில ராத்திரி ஏழரைக்கு எறங்குவேன். ஒங்க கணக்குப்படி அது ஏழரை மணி நேரம். போறப்ப இரண்டரை, வாரப்ப ஏழரை. தூரம் ஒண்ணுதானே சார்? வாரப்ப மட்டும் ப்ளேனு மாட்டு வண்டிக்குப் பின்னால வந்துச்சா?"

பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "எம் மகன் துபாய்லதான் இருக்கான். போன வருசம் நானும் போனேன். நாலு மணி நேரம் ஒக்காந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. நீங்க சொல்றது சரிதாம்மா."

"சரின்னா மாத்துங்க."

"சரிதான். ஆனா ஆன்சர் கீ மாறாது."

தப்பு என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தெரியாதவரிடம் சண்டை போடலாம். இவருக்குத் தெரிகிறது, இடுப்பு வலித்த அளவுக்குத் தெரிகிறது. தெரிந்தும் (ஆ) என்ற தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"ஒங்க இடுப்புக்குத் தெரிஞ்சது ஒங்க ஆபீசுக்குத் தெரியலையே சார்" என்றாள். தாள்களைப் பைக்குள் வைத்தாள். கிளம்பும்போது அவர் தணிந்த குரலில், "தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேளுங்க. அந்தக் குழு என்ன எழுதுச்சுன்னு குடுத்துதான் ஆகணும்" என்றார்.

கேட்டாள். முப்பத்தெட்டாம் நாள் பதிவுத் தபாலில் ஒரே ஒரு நகல் வந்தது. வினா எண் 47. கையால் எழுதிய கழித்தல் கணக்கு: 8.30, கீழே 6.00, கோடு போட்டு 2.30. 'விடை (ஆ) சரி. மாற்றம் தேவையில்லை.' அதன் கீழே மூன்று கையெழுத்து.

அவள் அனுப்பிய புத்தகப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. டிக்கெட்டைப் பற்றி இல்லை. மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல ஒரு கழித்தலைப் போட்டு, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாளை ஜெனிஷா போட்டோ எடுத்து, தேர்வு எழுதியவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'யாரெல்லாம் (இ) எழுதினீர்கள்?' என்று கேட்டாள். முதலில் வந்ததெல்லாம் வசவு. முடிந்த கதையை ஏன் கிளறுகிறீர்கள், வயதான காலத்தில் எதற்கு வேலை, நியமனம் நின்றுபோனால் யார் பொறுப்பு. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மாவட்டம் முழுக்கப் பதினோரு பேர். பேசிப் பார்த்தால், பதினோரு பேர் வீட்டிலும் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், அல்லது இருந்து வந்திருந்தார். ஆலங்குடியிலிருந்து முத்துமாரியம்மாள் என்ற பெண் போனில் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு சவுதியில இருக்காருக்கா. அவரு எறங்கிட்டாரான்னு கணக்குப் போட்டுக்கிட்டே உக்காந்துருக்கவளுக்கு இது தெரியாமப் போகுமா? நான் எழுபத்தாறுதான். வேலை எனக்கு வராது. ஆனா கையெழுத்துப் போடுறேன்."

பன்னிரண்டு பேர் கையெழுத்துடன், அந்தக் கழித்தல் கணக்கின் நகலையும் வைத்து, வாரியத்தின் தலைமைக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளிலும் மனுக் கொடுத்தார்கள். குறைதீர் நாளில் வரிசையில் நின்றபோது ஒரு போலீஸ்காரர், "என்ன பிரச்சன, பட்டாவா?" என்று கேட்டார். "இல்லங்க, ப்ளேனு" என்றாள் அடைக்கலமேரி. அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

நான்கு மாதம் ஓடியது. பரிமளா வேலையில் சேர்ந்து, முதல் மாதம் முடிந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது: 'வினா எண் 47 தெளிவற்றதாக உள்ளதால் நீக்கப்படுகிறது. தேர்வர்கள் அனைவருக்கும் அவ்வினாவிற்கான ஒரு மதிப்பெண் வழங்கப்படும். ஏற்கெனவே வழங்கப்பட்ட பணி நியமனங்களை இது பாதிக்காது.'

அடைக்கலமேரி எண்பத்தொன்று ஆனாள். காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது பெயர். வேலைகள் எல்லாம் நிரம்பிவிட்டன.

ஊரில் எல்லோரும் ஜெயித்துவிட்டாய் என்றார்கள். ரத்தினவேல் சார் போன் பண்ணி, "ஒரு வாரியத்தையே அசைச்சுட்டீங்கம்மா" என்றார். செபமாலை அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்டி, ஒடம்பக் கெடுத்துக்காத" என்றாள். ஜெனிஷாவுக்கு மட்டும்தான் தெரியும், அம்மா அந்த அறிவிப்பைப் படித்த அன்று சாப்பிடவே இல்லை என்பது.

மறுபடியும் ஆவுடையப்பன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை அவரே நாற்காலி போடச் சொன்னார்.

"இன்னும் என்னம்மா? அதான் மார்க் குடுத்தாச்சே."

"மார்க்கு யாரு சார் கேட்டா? தெளிவில்லாத கேள்வின்னு போட்டுருக்கீங்க. அந்தக் கேள்வியில என்ன தெளிவில்ல? கேள்வி நல்ல கேள்வி. விடைதான் தப்பு. நாங்க தப்புப் பண்ணிட்டோம், அஞ்சு மணி நேரம்தான் சரின்னு ஒரு வரி எழுத முடியாதா ஒங்களால?"

"அப்படி எழுதற வழக்கம் இல்லம்மா."

"தப்பா எழுதற வழக்கம் மட்டும் இருக்கோ?"

அவர் அவள் கொண்டுபோன கடிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, நகலைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. மூன்று நினைவூட்டல்கள் போட்டிருக்கிறாள். நான்காவது எழுதி வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஜெனிஷாவின் கல்லூரிச் சேர்க்கைக்காகப் புதுக்கோட்டைக்குப் போனவள், கீழராஜ வீதியில் ஒரு புத்தகக் கடையில் நின்றாள். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். சென்ற ஆண்டு வினாத்தாள்கள், விடைகளுடன் என்று ஒரு கைடு புதிதாக வந்திருந்தது. எடுத்துப் புரட்டினாள். நாற்பத்தேழாம் கேள்வி அப்படியே இருந்தது. விடை (ஆ). கீழே விளக்கம் வேறு: 8.30 – 6.00 = 2.30.

"இந்தப் புத்தகம் எத்தன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒம்பது இருக்குங்க. எத்தன வேணும்?"

"எல்லாத்தையும் எடுத்து வைங்க."

மொத்தமாக வாங்குகிறாள் என்று நினைத்துக் கடைக்காரர் சந்தோஷமாக அடுக்கினார். அடைக்கலமேரி பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தாள். முதல் புத்தகத்தைப் பிரித்து, (ஆ)வை அடித்து, பக்கத்தில் (இ) ஐந்து மணி நேரம் என்று எழுதினாள். இரண்டாவதைப் பிரித்தாள்.

"ஏங்க, ஏங்க! என்ன பண்றீங்க? கிறுக்கின புத்தகத்த யாரு வாங்குவா?"

"கிறுக்கல. திருத்துறேன்."

"போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அங்கிட்டு வந்தும் இதையேதான் எழுதிக் குடுப்பேன்."

ஜெனிஷா அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கப் போனவள், ஏனோ நிறுத்திக்கொண்டாள். கடைக்காரர் போனை எடுத்தார், வைத்தார். அம்மா மூன்றாவது புத்தகத்தை முடித்துவிட்டு நான்காவதைப் பிரித்தபோது, ஜெனிஷா தன் பையைத் திறந்து இன்னொரு பேனாவைத் தேடத் தொடங்கினாள்.